பின் இடது கதவின் கைப்பிடி

பழைய காரில் இன்ஜின் போனால் நாலு பேர் கூடி யோசனை சொல்வார்கள். ஏசி காற்று வரும் வாயில் இருக்கிற மெல்லிய தகடு ஒன்று ஒடிந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஓட்டுகிறவனின் முகத்தில் படாமல் அந்தக் காற்று மூன்று வருடம் அவன் முழங்காலில் மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். டாஷ்போர்டுப் பெட்டியின் கொக்கி, வெயில் மறைப்பைப் பிடிக்கிற கிளிப், சீட்டைச் சாய்க்கிற லிவரின் மூடி, கண்ணாடி ஏற்றுகிற சுவிட்ச். கம்பெனிக்காரன் செய்வதை நிறுத்திவிட்ட இந்த மாதிரிச் சில்லறைச் சாமான்களுக்கென்றே அந்தத் தெருவில் ஒரு ஆள் இருந்தாள். கிளிப்புக்காரம்மா எங்கே என்று கேட்டால், காருக்கு அடியில் படுத்திருக்கிற மெக்கானிக்கூடக் காலை நீட்டி வழி காட்டுவான்.

அவள் வீட்டுக்காரர் சீட் கவர் தைக்கிறவர். கடையின் முன்பாதி அவருடையது. தையல் மெஷினும் ரெக்சின் சுருள்களும் அதை அடைத்துக்கொண்டிருக்கும். பின்பாதியில் அவளுடைய மேஜை. அதன்மேல் பிளாஸ்டர் கலக்குகிற ரப்பர்க் கிண்ணங்கள், இறுக்குகிற பித்தளைச் சட்டங்கள், ஒரு ஸ்பிரிட் விளக்கு, தேய்க்கிற சின்ன மோட்டார், சமையலுக்கு இனி ஆகாது என்று வீட்டிலிருந்து தள்ளிவிடப்பட்ட ஒரு பிரஷர் குக்கர். சுவரோரம் பிஸ்கட் டப்பாக்கள் அடுக்கியிருக்கும். உடைந்து வந்த சாமான் ஒவ்வொன்றும் அதில் ஒரு சீட்டோடு கிடக்கும். அவள் எதையும் தூக்கிப் போடுவதில்லை.

அதற்கு முன் பத்தொன்பது வருடம் பல் செட் செய்கிற லேபில் இருந்தாள். கிண்ணம் கழுவுவதற்கென்று சேர்ந்தவள்தான். கழுவிக்கொண்டே பார்த்தாள், பார்த்ததை வீணாய்ப்போன பிளாஸ்டரில் செய்து பழகினாள். ஒருநாள் இரண்டு பேர் லீவு போட்டபோது, அவசரத்துக்கு ஒரு கீழ்ச்செட்டைச் செய்து கொடுத்துவிட்டு மறுபடி கிண்ணம் கழுவப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளைக் கழுவ விடவில்லை. லேப் வேறு ஊருக்கு மாறியபோது அவள் கூடப் போகவில்லை. வீட்டுக்காரரின் வாடிக்கையாளர் ஒருவர் ஏசித் தகடு ஒடிந்துவிட்டது என்று புலம்பினார். "பல்லே செய்றவ, இதைச் செய்ய மாட்டியா?" என்று வீட்டுக்காரர் இழுத்துவிட்டார். செய்தாள். ஆனால் கையில் இருந்தது ஈறுக்குப் போடுகிற பவுடர்தான். கறுப்பு டாஷ்போர்டில் ரோஸ் நிறத்தில் ஒரு தகடு, வண்டி நாக்கை நீட்டுகிற மாதிரி இருந்தது. அந்த வாடிக்கையாளர் அதை மாற்றவே விடவில்லை, ஏறுகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். கறுப்புச் சாயமும் சாம்பல் சாயமும் அவளுக்குப் பிறகுதான் கைவந்தன.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சாமான் வந்தாலும் இரண்டு கேள்வி கேட்பாள். அந்த இடத்தில் உட்காருகிறது யார், எந்தக் கையால் தொடுவார்கள். வருகிறவர்களுக்கு எரிச்சல் வரும்.

"உடைஞ்சது பிளாஸ்டிக்கும்மா. நான் எந்தக் கையால சாப்பிடுறேன்னுகூடக் கேப்பீங்க போலிருக்கே" என்றார் ஒருவர்.

"வண்டிக்குள்ளயா சாப்பிடுறீங்க? அதையும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

முன்னாலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "சொல்லிடுங்க சார். இல்லன்னா கைரேகை எடுத்துருவா."

கேள்விகள் லேபில் கற்றவை. பல் செட்டுக்கு வருகிறவர்கள் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தால் நல்ல பிள்ளையாகக் கடித்துக் காட்டுவார்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது அவரவர் வழக்கம் வந்துவிடும். ஒருவர் ஒரே பக்கமாக மெல்லுவார், ஒருவர் முன்பல்லால் கொறிப்பார். பத்தே நாளில் செட் விரிசலோடு திரும்பி வரும். உடைந்த வாட்டத்தைப் பார்த்து இன்ன பக்கம் மெல்லுகிற ஆள் என்று அவள் சொல்லிவிடுவாள். சரியாகத்தான் இருக்கும்.

இத்தனை கேள்வி கேட்கிறவள் அத்தானிடம் மட்டும் கேட்கவில்லை. வீட்டு வண்டிதானே என்று விட்டுவிட்டாள்.

அத்தான் அவளுடைய அக்காவின் கணவர். வயது அறுபத்திரண்டு. சொந்த வண்டியில் டாக்ஸி ஓட்டுகிறவர். வண்டிக்கு வயது பதினெட்டு. ஒன்பது வருடமாக அவருக்கு வேறு சவாரி கிடையாது. டயாலிசிஸ் செய்துகொள்கிற ஆறு பேர்தான். திங்கள், புதன், வெள்ளிக்கு மூன்று பேர். செவ்வாய், வியாழன், சனிக்கு மூன்று பேர். காலையில் ஒவ்வொருவராக வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விடுவார், நாலு மணி நேரம் கழித்துத் திரும்பக் கொண்டுபோய் விடுவார். மற்ற டிரைவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து ஹாரன் அடிப்பார்கள். இவர் இறங்கி வந்து, பின்கதவைத் திறந்து, முழங்கையைப் பிடித்து இறக்குவார். ஆஸ்பத்திரி வாசல் காவலாளி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "கதவு டிரைவர் வந்தாச்சு" என்பார். அத்தானுக்கு அதில் உள்ளுக்குள் பெருமை.

அந்த வண்டியின் பின் இடது கதவில், உள்பக்கக் கைப்பிடி ஒடிந்தது. பழைய பிளாஸ்டிக், ஒடிகிற வயதுதான் என்று அவள் நினைத்தாள். துண்டுகளை ஒட்டி, பிளாஸ்டரில் அச்சு எடுத்து, பவுடரையும் திரவத்தையும் மாவு மாதிரி பிசைந்து அமுக்கி, சட்டத்தில் இறுக்கி, குக்கரில் வேகவைத்து எடுத்தாள். விளிம்பைத் தேய்த்து, விரல் படுகிற இடத்தை நாக்குக்குக்கூட உறுத்தாத அளவுக்கு மெருகேற்றினாள். கதவில் மாட்டிவிட்டுப் பின்சீட்டில் தானே உட்கார்ந்து இருபது தடவை இழுத்துப் பார்த்தாள். இருபது தடவையும் டக்கென்று திறந்தது.

பன்னிரண்டாம் நாள் ஒடிந்து வந்தது.

"என்னம்மா டாக்டர், பல்லு ஆடிருச்சே?" என்றார் அத்தான், வண்டிக்குள்ளிருந்தே.

அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்ததற்கு உள்ளே ஸ்டீல் கம்பி வைத்தாள். பல் செட்டில் கொக்கிக்கு வளைக்கிற கம்பி. இனி யானை இழுத்தாலும் ஒடியாது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டாள். மூன்று வாரம் தாங்கியது. அதற்கப்புறம் கைப்பிடி முழுசாக இருக்க, அது பொருந்துகிற குழிக் கிண்ணத்தில் ஸ்க்ரூ மாட்டுகிற காது பிய்ந்துபோனது. அவள் செய்தது ஜெயித்துவிட்டது, கதவு தோற்றுவிட்டது.

வீட்டுக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "உங்க அக்கா புருஷன் கதவைத் திறக்குறாரா, பிடுங்கிட்டுப் போறாரா?"

"நானும் அதைத்தான் யோசிக்கிறேன்" என்றாள் அவள்.

அன்று சாயங்காலமே டப்பாவைத் திறந்து, தான் செய்த இரண்டையும் முதலில் வந்த பழசையும் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடி போட்டுப் பார்த்தாள். விரலால் இழுத்திருந்தால் கைப்பிடியின் பின்பக்கம் அகலமாக மழுங்கியிருக்கும். இதில் அப்படி இல்லை. நுனியில் ஒரே இடத்தில், சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். பள்ளத்தில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஈஷியிருந்தது. பஞ்சால் துடைத்தாள், போகவில்லை. விரிசல் ஆரம்பித்திருந்ததும் எதிர்பார்த்த மூலையில் இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்தவர் தன் பக்கமாக இழுத்து ஒடிந்தது இல்லை இது. முன்னாலிருந்து யாரோ கோணலாக, எதையோ மாட்டி இழுத்திருக்கிறார்கள்.

இருபது தடவை தானே இழுத்துப் பார்த்தது நினைவுக்கு வந்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. டாக்டரின் நாற்காலியில் உட்காரவைத்துக் கடிக்கச் சொன்னது போலத்தானே அதுவும்.

கைப்பிடியையும் குழிக் கிண்ணத்தையும் புதிதாகச் செய்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை, மூன்று பேரையும் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அத்தான் பதினோரு மணிக்கு வந்தார். வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார்.

அவள் டீயைக் கொண்டுபோய் ஜன்னல் வழியாக நீட்டினாள். நீட்டுகிறபோதுதான் உறைத்தது. நாலைந்து மாதமாகவே அவர் டீயை வண்டிக்குள் உட்கார்ந்துதான் குடிக்கிறார். மச்சினி கடை வரைக்கும் வந்துவிட்டுக் கீழே இறங்காமல் என்ன கௌரவம் என்று ஒரு தடவை அவள் முணுமுணுத்ததும் உண்டு.

"மாட்டிருவியா சீக்கிரம்? ரெண்டு மணிக்கு அவங்களைத் திரும்ப ஏத்தணும்."

"மாட்டுறேன். நீங்க டீ குடிங்க."

பின்கதவைத் திறந்தாள். கைப்பிடி இருந்த ஓட்டைக்குள்ளிருந்து பூட்டை இழுக்கிற கம்பியின் நுனி தெரிந்தது. அதில் ஒரு நைலான் கயிறு முடிந்திருந்தது. கைப்பிடி இல்லாத நாளுக்கு யாரும் அப்படிச் செய்வார்கள். ஆனால் கயிறு அங்கேயே முடியவில்லை. கதவோரமாக இறங்கி, முன்சீட்டுக்கு அடியில் புகுந்து, மிதியடியை ஒட்டிப் போய், ஹேண்ட்பிரேக்கில் ஒரு சுற்று சுற்றி நின்றது.

அவள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"அத்தான், இந்தக் கயிறு எதுக்கு?"

"கதவு திறக்க."

"யாரு திறக்க?"

அவர் டீயை ஊதினார். டீ அவ்வளவு சூடாக இல்லை.

"இதுக்கு முன்னாடி எதை மாட்டி இழுத்தீங்க? பழுப்பா இருக்குமே, அது."

"போலீஸ்ல சேந்துட்டியா?" என்றார். அப்புறம், "குடை" என்றார். "அதோட வளைவை மாட்டி இழுப்பேன். அவங்களால இழுக்க முடியாதும்மா. கையில ஊசி குத்தி, குத்தி…"

"முன்னெல்லாம் இறங்கி வந்து திறப்பீங்களே?"

அவள் சுற்றி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். அவர் வலது தொடையின் மேல் கையை வைத்துக்கொண்டார், காலைத் தூக்கிப் பார்க்க யாரோ வருகிற மாதிரி.

"இடுப்பு" என்றார் கடைசியில். "வலது பக்கம். இறங்குறப்ப மட்டும்தான். இறங்கிட்டா நின்னுருவேன், திரும்ப ஏர்றதுக்குள்ள உயிர் போய் உயிர் வருது. ஒரு நாளைக்குப் பன்னெண்டு தடவை ஏறி இறங்க முடியல. ஓட்டுறதுக்கு ஒண்ணுமில்ல. பிரேக் மிதிக்கிறப்ப, ஆக்ஸிலேட்டர் மிதிக்கிறப்ப துளிகூட வலிக்காது. உங்க அக்காகிட்ட மட்டும் வாயைத் திறந்துறாத. சாவியப் பிடுங்கிருவா."

பல் செட் போடுகிறவர்களும் இப்படித்தான் சொல்வார்கள். இங்கே மட்டும்தான் வலிக்கிறது, அங்கே ஒன்றுமில்லை என்று. அவர்கள் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. தாங்கள் நம்ப விரும்பியதைச் சொல்வார்கள்.

"காலைக் கொஞ்சம் நகத்துங்க" என்றாள்.

"எதுக்கு?"

அவள் தரையில் மண்டியிட்டுத் தலையைக் காலடிப் பக்கம் கொண்டுபோனாள். பிரேக் பெடலின் ரப்பர் போன வருடம் அவளே வாங்கி மாட்டியது. அதன் வரிகள் இன்னும் கூர்மையாக நின்றன. வலது ஓரத்தில் மட்டும், ஆக்ஸிலேட்டரைப் பார்த்த மூலையில், கட்டைவிரல் அகலத்துக்கு வழுவழு என்று தேய்ந்து, உள்ளேயிருந்த இரும்பு பளபளத்தது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்த கால் பிரேக்கின் நடுவுக்கு வருவதே இல்லை. ஓரத்தைத் தொட்டதும் அங்கேயே அமுக்குகிறார். ஒரு விரற்கடை தவறினால் கால் இரண்டுக்கும் நடுவில் இறங்கிவிடும்.

எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"எத்தனை தடவை வழுக்குச்சு?"

"எது?"

"அத்தான்."

தெருவில் ஒரு வேன் பின்னால் வந்து முனகியது. அது போகிற வரை அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவை" என்றார். "போன வாரம், சிக்னல்ல. முன்னால நின்ன வண்டிய லேசா இடிச்சிருச்சு. பின்னாடி நம்ம ஆறு பேர்ல அந்த டைப்பிஸ்ட் அம்மா இருந்தாங்க, எழுபத்தொரு வயசு. நெத்தி முன்சீட்டுல மோதிருச்சு. 'என்னப்பா, புது பிரேக் போட்டியா, இப்படிப் பிடிக்குது'ன்னு அந்தம்மாவே சிரிச்சாங்க. நானும் ஆமான்னுட்டேன்."

"ஆமான்னுட்டீங்களா?"

"வேற என்ன சொல்ல? நீ பல்லு பாக்குறவ, பல்லைப் பாரு. பெடலை யாரு பாக்கச் சொன்னா உன்னை?" குரல் உயர்ந்துவிட்டது. "நான் நிறுத்திட்டா அந்த ஆறு பேர் எதுல போவாங்க? எவன் வந்தாலும் வாசல்ல நின்னு ஹாரன்தான் அடிப்பான். இறங்கிக் கதவு திறக்க எவன் இருக்கான்?"

"இறங்குறது இப்ப நீங்களும் இல்லையே அத்தான்."

சொன்னதும் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் முகம் அப்படிச் சுருங்கிப்போயிற்று. முன்பக்கம் தையல் மெஷின் நின்றுவிட்டிருந்தது. வீட்டுக்காரர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு எதையும் வெட்டாமல் நின்றார்.

"கைப்பிடி ரெடி" என்றாள் அவள். "மாட்டி விடுறேன். ஆனா மாட்டிட்டா நீங்க ரெண்டு மணிக்கு வண்டிய எடுத்துட்டுப் போயிருவீங்க. அதனால அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க, அப்புறம் மாட்டுறேன்."

"இல்லன்னா?"

"இல்லன்னா நான் சொல்வேன். நான் சொன்னா எப்படிச் சொல்வேன்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் போனை எடுத்து வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அழுத்தினார். அக்கா போனில் பேசினால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் கேட்கும்.

"ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று ஆரம்பித்தார்.

"சும்மா கூப்பிடுற ஆளா நீங்க? இடுப்பா?"

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "உனக்கு யார் சொன்னது?"

"குனிஞ்சு செருப்பு மாட்டி எத்தனை மாசமாச்சு உங்களுக்கு? காலாலயே துழாவி, துழாவி… நான் என்ன குருடியா?"

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். இன்னைக்கு, நாளைக்குன்னு ஆறு மாசம் ஓடிப்போச்சு. சாவி யார்கிட்ட இருக்கு?"

"வண்டியில."

"எடுத்துத் தங்கச்சிகிட்ட குடுங்க, அங்கதானே இருக்கீங்க. அவளை லைன்ல வரச் சொல்லுங்க."

அவள் போனை வாங்கினாள். "ஏன்டி, நீயும் தெரிஞ்சுகிட்டே இருந்தியா?" என்றாள் அக்கா.

"இன்னைக்குத்தான் பாத்தேன்க்கா."

"அப்ப உன்னைத் திட்ட முடியாது" என்று அக்கா சொன்னாள். "என்னைத்தான் திட்டிக்கணும். நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அவரை டாக்ஸி பிடிச்சு வரச் சொல்லு."

"டாக்ஸி டிரைவரை டாக்ஸில வரச் சொல்றா பாருங்க" என்றார் அத்தான், வீட்டுக்காரரைப் பார்த்து. ஆனால் சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அவள் அதைத் தன் மேஜையில் காயாத பிளாஸ்டருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டு மணிக்கு?" என்றார் மறுபடியும். "அங்க மூணு பேர் உக்காந்திருப்பாங்க. இன்னைக்கு என்ன பண்றது?"

"நான் ஓட்டுறேன் சகலை" என்றார் வீட்டுக்காரர். "இந்த சீட் கவரை நாளைக்குத் தச்சுக்கலாம். நீங்க பக்கத்துல உக்காந்து வழி சொல்லுங்க. என்ன, ஒவ்வொரு சிக்னல்லயும் என் பிரேக்குக்கு நீங்க காலை அழுத்தக் கூடாது."

இருவரும் பிடித்து அவரை இறக்கினார்கள். வலது காலைத் தரையில் ஊன்றியபோது அவள் தோளைப் பிடித்திருந்த அவர் கை இறுகியது. ரெக்சின் சுருளின் மேல் உட்கார முடியாது, தாழ்வு. உயரமான கட்டிங் மேஜையின் ஓரத்தில் சாய்ந்து நின்றுகொண்டார்.

அவள் நைலான் கயிற்றை வெட்டி எடுத்தாள். குழிக் கிண்ணத்தைப் பொருத்தி, பூட்டுக் கம்பியின் நுனியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் இன்னொரு போன் போட்டார். மொட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு டிரைவர். ஆஸ்பத்திரி வாசலில் இவருக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிறவன். இத்தனை வருடமாக இவருக்குப் பிடிக்காதவன்.

"மொட்டை, நாளையிலிருந்து என் ஆளுங்களை நீ ஏத்திக்கிறியா? ஆறு பேர். கொஞ்ச மாசத்துக்கு. இல்ல, வண்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான்." இடுப்பைத் தேய்த்துக்கொண்டார். "எழுத பேப்பர் இருக்கா? இல்லன்னா எடு, நான் இருக்கேன்."

எதிர்முனையில் மொட்டை பேப்பர் தேடினான். அத்தான் பொறுமையாக நின்றார்.

"நாளைக்கு மொத வீடு, மூணாவது மாடி. லிஃப்ட் இருக்கு, ஆனா வெளியே வர்றப்ப ஒரு படி இருக்கு. அந்தப் படிகிட்ட நீ நிக்கணும். அவருக்கு இடது கையில ரத்தக்குழாய்ல ஆபரேஷன் பண்ணியிருக்கு, அதைத் தொடவே கூடாது. வலது முழங்கையப் பிடி. பிடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் பிடி, அவருக்குக் கூச்சம். டைப்பிஸ்ட் அம்மாவுக்குக் கழுத்துகிட்ட டியூப் வச்சிருக்கு. சீட் பெல்ட் அது மேல உரசும். ஒரு சின்னத் துண்டு மடிச்சு வண்டியிலயே வச்சுக்கோ, பெல்ட்டுக்கு அடியில குடு. அவங்க வேணாம்பாங்க. நீ குடு. அப்புறம்… எழுதிட்டியா? அவங்ககிட்ட நீ ஒண்ணு சொல்லணும். போன வாரம் நெத்தியில இடிச்சது புது பிரேக்கால இல்லன்னு சொல்லு. நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லு. இல்ல, வேணாம், அதை நானே சொல்லிக்கிறேன். நீ அடுத்த ஆளை எழுது."